சான்றிதழோடு வரும் மைல்டு ஸ்டீலா, விலை குறைந்த சரக்கா?

இரண்டு பேரிடம் வாங்கிய 6 மி.மீ. மைல்டு ஸ்டீல் (கார்பன் குறைந்த எஃகு) தகடு, வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புதான். ஒருவர் ஆலைச் சான்றிதழ் தருகிறார், மற்றவர் விலையைக் குறைக்கிறார். சான்றிதழ் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அதிலுள்ள ஹீட் நம்பரும் (ஆலையில் ஒரு தடவை உருக்கிய எஃகுக்குக் கொடுக்கும் எண்) தகட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு, இல்லையென்றால் அது வேறு ஏதோ இரும்பின் ஜாதகம். ஒத்துப்போனால் கார்பன் 0.25 சதவீதத்துக்குள்ளா, கந்தகமும் பாஸ்பரஸும் குறைவா என்று பார்த்துவிட்டு வெல்டிங்கை ஆரம்பிக்கலாம்.

கண்ட பழைய இரும்பையும் உருக்கி உருட்டிய விலை குறைந்த சரக்கில் பெரிய தொல்லை, ஒரே தகட்டிலேயே குணம் மாறுவது. துளை போடும்போது பாதிவரை சுருள் சுருளாக வரும், திடீரென்று பிட் கீச்சிட்டு முனை மழுங்கிவிடும். வாங்குவதற்கு முன் ஓரத்தை கிரைண்டரில் வைத்துப் பாருங்கள்: மைல்டு ஸ்டீல் பொறி நீளமாக, அதிகம் கிளைக்காமல் போகும், மத்தாப்பு மாதிரி வெடித்துச் சிதறினால் கார்பன் கூடுதல். அப்புறம் ஒரு துண்டை வைஸில் பிடித்து மடக்குங்கள், வெளி வளைவில் விரிசல் விட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். எடையும் போடுங்கள், 6 மி.மீ. தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ வர வேண்டும். இதெல்லாம் தேறினால் கிரில், ஸ்டாண்டு வேலைக்குச் சரி. பாரம் தாங்கும் இடத்தில் நான் வைக்க மாட்டேன்.