காணாமல் போனவரைத் தேட டிஎன்ஏ ரத்தம் கொடுப்பது: எங்கள் வீட்டு அனுபவம்

2024 ஜூலை 30 விடியுமுன் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையை மண் மூடியதே, அதற்குப் பிறகு அரசு நடத்திய டிஎன்ஏ பரிசோதனையைப் பற்றி, அதாவது உடம்பில் இருக்கும் மரபுக்கூற்றை உறவினரோடு ஒப்பிட்டு ஆளை அடையாளம் காண்பதைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் அண்ணன் சூரல்மலைப் பக்கம் எஸ்டேட் பாடியில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தார். அண்ணியும் மகளும் ஒரு துக்க வீட்டுக்காகப் பந்தலூர் வந்திருந்தார்கள். வேலை இருக்கிறது என்று அண்ணன் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார்.

சேரம்பாடி, சோலாடி, வடுவஞ்சால் வழியாக மேப்பாடி போனோம். உடல்களைப் பார்த்துப் பார்த்து மூன்றாம் நாள் அம்மா ஓர் உடலைக் காட்டி "இவன்தான்டி" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அண்ணனுக்கு இடது கால் கட்டைவிரல் நகம் கிடையாது. அந்த உடலில் கால் இருந்த நிலையில் நகத்தை எங்கே பார்ப்பது? அங்கிருந்த ஓர் அதிகாரி, "அம்மா, அவசரப்பட வேண்டாம், ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்" என்றார். அவர் சொன்னதற்கு இன்றும் கை எடுத்துக் கும்பிடுகிறேன். அந்த உடல் வேறொரு வீட்டுப் பிள்ளை என்று பிறகு தெரிந்தது. நாங்கள் கொண்டுவந்து எரித்திருந்தால் அந்த வீட்டுக்காரர்கள் என்றைக்கும் தேடிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

ரத்தம் எடுப்பது ஐந்து நிமிட வேலை. பணம் வாங்கவில்லை. அடையாள அட்டை, காணாமல் போனவரின் பெயர், உறவுமுறை, போன் நம்பர் எழுதிக்கொண்டார்கள். ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். அம்மா நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வெடிப்புக்குள் தேயிலைக் கறை இன்னும் போகவில்லை. நரம்பு அகப்படாமல் இரண்டு முறை குத்தினார்கள். அம்மா கையை இழுக்கவே இல்லை. "இன்னும் வேணும்னா எடுத்துக்க தாயி" என்று அந்த நர்ஸிடம் சொன்னார். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு லேபிள் ஒட்டினாள்.

யார் ரத்தம் கொடுக்கப் போக வேண்டும் என்பதுதான் முக்கியம், இதை யாரும் முதலில் சொல்வதில்லை. நான் தங்கை, என் ரத்தம் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது. பிள்ளையின் டிஎன்ஏவில் பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து வருகிறது. அதனால் பெற்றவர்களோடும் பெற்ற பிள்ளைகளோடும் கட்டாயம் ஒத்துப்போகும். கூடப்பிறந்தவர்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சித்தப்பா மகன், பெரியம்மா மகள் என்று தள்ளிப் போகப் போகச் சாதாரணப் பரிசோதனையில் உறுதியாகச் சொல்வது கஷ்டம். எங்கள் வீட்டில் அம்மாவும் அண்ணன் மகளும் கொடுத்தார்கள். அண்ணி ரத்தமும் கேட்டார்கள். "நான் கட்டிக்கொண்டு வந்தவள், என் ரத்தம் எதற்கு?" என்றார் அண்ணி. மகளிடம் இருப்பதில் அம்மா வழி எது என்று தெரிந்தால், மிச்சம் அப்பா வழி என்று பிரித்துவிடலாமாம். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. ஆகவே வயதானவர், நடக்க முடியாதவர் என்று அம்மா அப்பாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தூக்கிக்கொண்டாவது போங்கள்.

எங்களுக்குப் பின்னால் வரிசையில் ஒரு பையன் நின்றான். அவனுடைய பெரியப்பா வீட்டில் ஒருவர் மிச்சமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க உயிரோடு நெருங்கிய ரத்தம் வேண்டும், அது அந்த வீட்டில் இல்லை. காணாமல் போனவரின் பல் தேய்க்கும் பிரஷ், சீப்பு இருந்தால் அதிலிருந்தும் டிஎன்ஏ எடுக்கலாம். வீடே போன இடத்தில் சீப்பு எங்கே இருக்கும்? இந்தப் பரிசோதனையின் குறை என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எல்லோருக்கும் பதில் கிடைத்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள்.

பரிசோதனை கண்ணூர் தடய அறிவியல் ஆய்வகத்தில் நடந்தது. அங்கே வேலை எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். சாலியாறு பல உடல்களை நிலம்பூர் வரைக்கும் அடித்துக்கொண்டு போயிருந்தது. முழு உடலாகக் கிடைக்காதவை எத்தனையோ. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி எண், தனி பரிசோதனை. சதை அழுகிவிட்டால் எலும்பிலோ பல்லிலோதான் எடுக்க வேண்டும். நாள் பிடிக்கத்தான் செய்யும். அதற்குள் பேர் தெரியாதவர்களைப் புத்துமலையில் சர்வமதப் பிரார்த்தனை செய்து அடக்கம் பண்ணி, கல்லில் எண் போட்டு வைத்தார்கள். 2019 ஆகஸ்டில் மண் சரிந்து 17 பேரைக் கொண்டுபோன அதே புத்துமலை. அதில் ஐந்து பேர் கடைசிவரை கிடைக்கவில்லை.

எனக்கு ஒரே மனக்குறை போன் நம்பரில். எழுதிக்கொண்ட இடத்தில் ஓர் இலக்கம் மாறிவிட்டது. எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை, தூக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அவர்கள். ஆனால் முடிவு வந்து பதினொரு நாள் கழித்து, நாங்களே போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. அந்தப் பதினொரு நாளும் அம்மா வாசற்படியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுதினதை வாங்கி நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள், இரண்டு நம்பர் கொடுங்கள். பரிசோதனை முடிந்த பிறகு உங்கள் ரத்தத்தையும் விவரத்தையும் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். எங்களுக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்று கேட்டே ஆக வேண்டும். பேரிடர் வந்தால்தான் இந்த வசதியா? காணாமல் போனவர்களுக்கும் அடையாளம் தெரியாத உடல்களுக்கும் தனித்தனிப் பட்டியல் வைக்க வழிசெய்த டிஎன்ஏ மசோதா 2019ல் மக்களவைக்கு வந்தது, 2023ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஏழு வருடம் தகவல் இல்லையென்றால்தான் இறந்தவராகக் கருதுவது நம் சட்டம். வயநாட்டுக்கு மட்டும் கேரள அரசு 2025 ஜனவரியில் முன்வந்து, கிடைக்காதவர்களை இறந்தவர்களாக அறிவிக்க முடிவெடுத்தது. ரயிலேறிப் போய்த் திரும்பாத ஒருவரைத் தேடும் குடும்பம் தானாகப் போய் ரத்தம் கொடுத்துவைக்க ஓர் இடம் வேண்டாமா?

வயநாட்டில் நடந்த இந்தப் பரிசோதனைக்கு மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

அண்ணனின் எண் தெரிந்ததும் புத்துமலைக்குப் போனோம். ஊருக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். அண்ணி வேண்டாம் என்றுவிட்டார், கூட வேலை செய்தவர்கள் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று. சில வாரம் கழித்து மறுபடியும் அழைப்பு வந்தது. ஆற்றில் எடுத்த இன்னொரு பாகமும் அவருடையதுதானாம், வேறு வரிசையில், வேறு கல்லின் கீழ் இருக்கிறது. இப்போது போனால் அம்மா இரண்டு கல்லுக்கும் பூ வைக்கிறார்.