ரிமோட்டில் கணினியைச் சரிசெய்ய எது நல்லது: குயிக் அசிஸ்ட், குரோம், எனிடெஸ்க், டீம்வியூவர்

பிரிண்டர் அடம் பிடிக்கிறது, அப்டேட்டுக்குப் பிறகு ஒலி வரவில்லை, பிரவுசரைத் திறந்தாலே வேண்டாத பக்கம் வந்து நிற்கிறது. இந்த மாதிரிச் சிக்கல்களை யாரும் நேரில் வராமலே சரிசெய்துவிடலாம். அதற்கு எந்தச் செயலி நல்லது என்று கேட்டால், வேகத்தையும் படத்தின் தெளிவையும் வைத்துத்தான் பலர் பதில் சொல்கிறார்கள். உதவி கேட்பவர் பார்க்க வேண்டியது வேறு. வேலை முடிந்ததும் அந்த வழி தானாக மூடிக்கொள்கிறதா, இல்லை திறந்தே கிடக்கிறதா? என் தரவரிசை முழுக்க இதை வைத்துத்தான்.

இரண்டு பக்கமும் விண்டோஸ் என்றால் என் முதல் தேர்வு குயிக் அசிஸ்ட். 2016 முதல் விண்டோஸ் 10-உடன் வருகிறது. கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். உதவி செய்பவர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஒரு குறியீட்டை எடுத்துத் தருவார்; அது 10 நிமிடம்தான் செல்லும். உதவி பெறுபவருக்குக் கணக்கே தேவையில்லை. முதலில் உதவுபவருக்கு நம் திரை மட்டும்தான் தெரியும். மவுஸைப் பிடிக்க வேண்டுமென்றால் தனியாக அனுமதி கேட்பார், நாம் சம்மதிக்க வேண்டும். அட்மின் அனுமதி கேட்கும் பெட்டி வந்தால் எதிர்ப்பக்கத்தில் திரை மறைந்துவிடும். ‘ஆம்’ என்பதை நாம்தான் அழுத்த வேண்டும். பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் போடும்போது இது நாலைந்து முறை வந்து உதவுபவரின் பொறுமையைச் சோதிக்கும். ஆனாலும் எனக்கு இது பிடித்திருக்கிறது. கணினியில் பெரிய மாற்றம் எதுவும் உரிமையாளரின் விரல் படாமல் நடப்பதில்லை.

ஒரு பக்கம் மேக் அல்லது லினக்ஸ் இருந்தால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் பொருந்தும். ஒருமுறை உதவிக்கு 12 இலக்க எண் ஒன்றை உருவாக்கித் தர வேண்டும். இணைப்பு நீண்டுகொண்டே போனால், தொடரலாமா என்று அரை மணிக்கு ஒருமுறை கேட்கும். நல்ல ஏற்பாடு. சிக்கல் என்னவென்றால், அதே பக்கத்தில் பின் எண் வைத்து எப்போது வேண்டுமானாலும் நுழையும் வசதியும் இருக்கிறது. அதை அமைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேக்கில் இன்னொரு படி உண்டு. கேட்டலினா பதிப்பு வந்த 2019-லிருந்து திரைப்பதிவுக்கும் கட்டுப்பாட்டுக்கும் செட்டிங்ஸில் தனித்தனியாக அனுமதி தர வேண்டும். கணினி பழகாதவரைத் தொலைபேசியில் அதுவரை நடத்திக் கூட்டிப்போவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அப்புறம் எனிடெஸ்க், டீம்வியூவர். தொழிலாக இதைச் செய்பவர்கள் கேட்பது பெரும்பாலும் இவற்றைத்தான், காரணமும் நியாயமானது. கோப்பு அனுப்பலாம், ரீஸ்டார்ட் ஆன பிறகும் திரும்ப இணையலாம், மெதுவான இணையத்திலும் எனிடெஸ்க் தாக்குப்பிடிக்கும். எனிடெஸ்க்கில் இணைப்பை ஏற்கும் சிறு பெட்டியில் கீபோர்டு, கிளிப்போர்டு, கோப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி பொத்தான் இருக்கிறது. தேவையில்லாததை அணைத்துவிட்டு ஏற்கலாம். பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

இந்த இரண்டிலும் நான் பயப்படுவது ஆளில்லாத அணுகலை. நிலையான கடவுச்சொல் ஒன்றை வைத்துவிட்டால், அடுத்த முறை நுழைய நம் சம்மதம் தேவைப்படாது. ‘மறுபடி பிரச்சினை வந்தால் வசதியாக இருக்கும்’ என்று சொல்லி அதைப் போட்டுவிட்டுப் போவார்கள். அலுவலகக் கணினிக்கு அது சரி. வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் உள்ள சொந்தக் கணினிக்குச் சரியில்லை. நிறுவாமலே ஓடும் டீம்வியூவர் குயிக்சப்போர்ட் இருக்கும்போது முழுப் பதிப்பை எதற்கு நிறுவ வேண்டும்? டீம்வியூவரின் இலவசப் பயன்பாடு தனிநபருக்கு மட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். வணிகப் பயன்பாடு என்று சந்தேகப்பட்டால் இணைப்பைத் துண்டித்துவிடும்.

தங்கள் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக எனிடெஸ்க் 2024 பிப்ரவரியில் அறிவித்து, செயலி அசல்தான் என்று காட்டும் சான்றிதழ்களை மாற்றியது. அதற்காக எனிடெஸ்க்கை மட்டும் ஒதுக்கிப் பயனில்லை. அதே ஆண்டு குயிக் அசிஸ்ட் வழியாகவும் மோசடிக் கும்பல் ஒன்று நுழைந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரைப் பரப்பியதாக மைக்ரோசாஃப்டே எச்சரித்தது. அந்தக் கும்பல் மென்பொருளை உடைக்கவில்லை. உதவி மையத்திலிருந்து பேசுவதாகத் தொலைபேசியில் சொல்லி, குறியீட்டைப் போட வைத்தார்கள்.

ரஸ்ட்டெஸ்க் என்ற இன்னொரு ரிமோட் செயலி, சொந்தமாக சர்வர் வைத்து நடத்தத் தெரிந்தவர்களுக்கு அருமையானது. மற்றவர்களுக்கு அவசியமில்லை. விண்டோஸின் பழைய ரிமோட் டெஸ்க்டாப் வசதி, விண்டோஸ் ஹோம் பதிப்பு உள்ள கணினிக்குள் வர விடாது. அந்த வசதிக்காக ரௌட்டரில் 3389 போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்துவைக்கச் சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள்.

மறுமுனையில் யார் என்பதிலும் இதே கவனம் வேண்டும். விவரம் தெரிந்த உறவினரோ நண்பரோ இருந்தால் அவர்தான் முதலில். அடுத்தது தயாரிப்பு நிறுவனத்தின் சொந்த உதவி மையம்; எண்ணைத் தேடல் விளம்பரத்திலிருந்து எடுக்காமல், அவர்கள் தளத்தில் நீங்களே போய் எடுக்க வேண்டும். தனி டெக்னீஷியன் மூன்றாவது. பெரிய பெயர் என்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. இலவசப் பரிசோதனையில் இல்லாத வைரஸ் அறிகுறியைக் காட்டிப் பழுதுபார்க்கும் சேவையை விற்றதாக எழுந்த வழக்கில், ஆஃபீஸ் டிப்போ என்ற கடைச் சங்கிலியும் அதற்கு மென்பொருள் தந்த சப்போர்ட்.காமும் 2019-இல் அமெரிக்காவில் 3.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

திரையில் தொலைபேசி எண்ணோடு வரும் எச்சரிக்கை இந்த வரிசையிலேயே இல்லை. மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் வராது. அப்படி அழைத்தால் விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிவப்புக் குறிகளைக் காட்டுவார்கள். நன்றாக ஓடும் கணினியிலும் அவை நிறைய இருக்கும்.

ஆன் ஆகாத கணினி, வைஃபையே பிடிக்காத லேப்டாப், கடகடவென்று சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றுக்கு ரிமோட் உதவாது, நேரில்தான் காட்ட வேண்டும்.

எதில் இணைத்தாலும், முடிந்ததும் நிறுவிய செயலியை நீக்குங்கள். அடுத்து செயலிப் பட்டியலை நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். இன்று சேர்ந்த புதிய பெயர் ஏதாவது இருந்தால் அது என்னவென்று உதவியவரையே கேளுங்கள். மோசடி என்று நடுவில் சந்தேகம் வந்தால் யோசிக்காமல் வைஃபையை அணைத்துவிட்டு, வேறு கருவியிலிருந்து வங்கிக்கு அழையுங்கள். கடவுச்சொற்களையும் அந்த இன்னொரு கருவியிலிருந்துதான் மாற்ற வேண்டும்.