திராட்சையில் புது வைரஸ்: எந்தச் சோதனை எதற்கு?

2008-இல் கலிஃபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கில் கேபர்னே சாவின்யோன் என்ற கருந்திராட்சை ரகக் கொடிகளின் இலைகள் சிவந்தன. பார்வைக்கு இலைச்சுருள் நோய் மாதிரி இருந்தது. இலைச்சுருள் வைரஸ்களுக்கான சோதனைகளோ ‘இல்லை’ என்றன. உண்மைக் காரணமான ரெட் பிளாட்ச் வைரஸ் 2012 வாக்கில்தான் அடையாளம் காணப்பட்டது. பின்னர் 1940-இல் சோனோமாவில் சேகரித்துப் பதப்படுத்தி வைத்திருந்த ஓர் இலை மாதிரியிலும் அது இருந்தது தெரியவந்தது. நமக்குத்தான் அது புதிது, கொடிக்கு அல்ல.

கண்ணால் பார்ப்பது செலவில்லாத வழி. இலைச்சுருளில் இலை ஓரம் கீழ்நோக்கிச் சுருளும், நரம்புகள் பச்சையாகவே நிற்கும். ரெட் பிளாட்ச்சில் ஓரம் சுருளாது, இலையின் கீழ்ப்புற நரம்புகள் சிவக்கும். ஆனால் பொட்டாசியம் குறைந்தாலும் தண்டில் காயம் பட்டாலும் இலை சிவக்கும். வெள்ளைத் திராட்சை ரகங்களில் சிவப்பே வராது. எனவே கண்ணை நம்பிக் கொடியைப் பிடுங்கக் கூடாது.

சந்தேகக் கொடியின் மொட்டைக் கேபர்னே ஃபிராங்க் போன்ற, நோய் அறிகுறியைத் தெளிவாகக் காட்டும் ‘காட்டிச் செடி’யில் ஒட்டுக்கட்டிக் காத்திருப்பது பழைய முறை. பெயர் தெரியாத வைரஸையும் இது காட்டக்கூடும் என்பதே இதன் பலம். முடிவுக்கு இரண்டு மூன்று பருவங்கள் ஆகும். அறிகுறி காட்டாத வைரஸ் தப்பிவிடும்.

வைரஸின் புரதத்தை எதிர்ப்பொருளால் பிடித்துக் காட்டும் எலிசா சோதனை மலிவு, ஒரே தட்டில் 96 குழிகள். ஆனால் அதற்கு அந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் வேண்டும். புது வைரஸுக்கு அது உடனே கிடைக்காது, அதனால் முதல் சில ஆண்டுகளுக்கு எலிசாவை மறந்துவிடலாம்.

வைரஸின் மரபு வரிசை தெரிந்த மறுநாளே பிரைமர் (தேடும் பகுதியில் ஒட்டிப் பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வடிவமைக்கலாம் என்பதால், மரபுப் பொருளைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர் முந்திக்கொள்கிறது. ரெட் பிளாட்ச் டிஎன்ஏ வைரஸ். எனவே ஆர்என்ஏ வைரஸ்களுக்கு வேண்டிய, ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் படி இதற்குத் தேவையில்லை. தோல்வி பெரும்பாலும் இயந்திரத்தில் அல்ல, மாதிரியில். வைரஸ் கொடிக்குள் சீராகப் பரவியிருக்காது. வசந்த காலத்து நுனித்தளிரைக் கிள்ளி வந்தால் நோயுள்ள கொடியும் ‘இல்லை’ என்று வரும். கோடை முடிவில் கிளையின் அடிப்பக்க முதிர்ந்த இலைகளின் காம்புகளை, ஒரே கொடியின் வெவ்வேறு கிளைகளிலிருந்து எடுக்க வேண்டும். திராட்சைத் திசுவிலுள்ள பாலிஃபீனாலும் பல்சர்க்கரைகளும் பிசிஆர் நொதியை முடக்கும். டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் கரைசலில் 2% பிவிபி என்ற பாலிமர் சேர்ப்பது பாலிஃபீனாலைப் பிடித்துவைக்கவே. கொடியின் சொந்த மரபணு ஒன்றையும் கூடவே பெருக்கிப் பாருங்கள். அதுவும் வரவில்லை என்றால் அது ‘வைரஸ் இல்லை’ அல்ல, ‘சோதனை நடக்கவில்லை’. இந்த வைரஸில் இரண்டு மரபுக் கிளைகள் உண்டு, பிரைமர் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். பல கொடிகளின் இலைகளை ஒன்றாக அரைத்தால் செலவு குறையும். ஆனால் வைரஸ் அளவு குறைவான கொடி அந்தக் கலவையில் மறைந்துபோகும்.

தோட்டத்திலேயே பார்க்க, ஒரே வெப்பநிலையில் டிஎன்ஏவைப் பெருக்கும் லேம்ப் சோதனை. 60–65 டிகிரி செல்சியஸில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் நிறம் மாறும். சூடாக்கிக் குளிர்விக்கும் இயந்திரம் வேண்டாம், கொடியின் தடுப்புப் பொருட்களையும் ஓரளவு தாங்கும். அமிலத்தில் மஞ்சளாகும் ஃபீனால் ரெட் சாயம் சேர்த்த வகையில் புளிப்பான சாறே இளஞ்சிவப்பை மஞ்சளாக்கிப் பொய் சொல்லும். வைரஸ் இல்லாத கொடியின் சாறு ஒரு குழாயில் கட்டாயம் இருக்கட்டும். பெருகிய குழாயைத் தோட்டத்திலோ ஆய்வகத்திலோ திறந்தால் அடுத்த மாதிரிகள் எல்லாம் கறைபடும்.

முன்பின் தெரியாத வைரஸைத் தேட, திசுவிலுள்ள நியூக்ளிக் அமிலம் முழுவதையும் வரிசைப்படுத்துவதுதான் வழி. இத்தாலியில் பினோ கிரி என்ற திராட்சை ரகத்தில் இருந்த வைரஸ் 2012-இல் இப்படித்தான் வெளிப்பட்டது. கொடியின் ரைபோசோம் ஆர்என்ஏவை முதலில் நீக்காவிட்டால் தரவில் பெரும்பகுதி அதுவாகவே இருக்கும். ஒரே ஓட்டத்தில் பல மாதிரிகள் போனால் ஒவ்வொரு மாதிரிக்கும் இட்ட அடையாளக் குறி தடம் மாறி, பக்கத்து மாதிரியின் வைரஸ் சில துணுக்குகளாக உங்கள் கொடியில் தோன்றலாம்.

ஆயிரம் கொடிகளைச் சலிக்க பிசிஆரே என் தேர்வு. நாற்றுக்குக் குச்சி எடுக்கும் தாய்க்கொடிக்கும், அறிகுறி இருந்தும் எல்லாச் சோதனையிலும் ‘இல்லை’ என்று வரும் கொடிக்கும் முழு வரிசையறிதலைச் செலவு பார்க்காமல் செய்யுங்கள். அதில் புதிதாக ஏதாவது தென்பட்டால், அதே கொடியில் மீண்டும் இலை பறித்து, வைரஸின் இரண்டு வெவ்வேறு பகுதிகளுக்கு பிசிஆர் செய்து உறுதியான பிறகே அதற்குப் பெயர் வையுங்கள்.