பசுமைக்குடிலில் பல பருவங்கள்: வெப்பத்தைவிட ஈரம்தான் படுத்துகிறது

பாலித்தீன் தாள் போர்த்திய குடிலில் தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி மூன்றையும் பல பருவங்களாக வளர்த்து வருகிறேன். குடில் போட நினைப்பவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது வெப்பத்தைப் பற்றித்தான். செடிகளைப் பார்த்து நான் புரிந்துகொண்டதோ வேறு: காற்றோட்டமும் காற்றிலுள்ள ஈரமும்தான் விளைச்சலைத் தீர்மானிக்கின்றன.

முதலில் கண்ணில் படுவது வளர்ச்சி வேகம். இலை அகலமாக, மெல்லிசாக வரும். கணு இடைவெளி நீளும். பார்க்கச் செழிப்பு, ஆனால் தண்டில் உறுதி இருக்காது. தாள் வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தடுத்துவிடுகிறது. காற்றில் ஆடாத தண்டு தடிப்பதும் இல்லை. நாற்றிலிருந்தே மின்விசிறி ஓட்டத் தொடங்கிய பிறகு செடிகள் குட்டையாக, திடமாக நிற்கின்றன.

தக்காளிதான் நிறையக் கற்றுக்கொடுத்தது. பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழந்து பூ கொட்டும். இது பலருக்கும் தெரியும். வெப்பம் சரியாக இருந்த நாட்களிலும் காய் பிடிக்காததைப் பார்த்திருக்கிறேன். ஒப்பு ஈரப்பதம், அதாவது காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் இப்போது இருக்கும் பங்கு, 90 சதவீதத்தை நெருங்கினால் மகரந்தம் ஒட்டிக்கொண்டு உதிராது. அதனால் காலையில் திறப்புகளைத் திறந்துவிட்டு, ஈரம் இறங்கியதும் கொடி கட்டிய கம்பியைத் தட்டிவிடுகிறேன். காய்ப்பிடிப்பில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. வெள்ளரிக்கு இந்தப் பாடு கிடையாது. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் ரகங்கள் இருக்கின்றன.

காற்று மிகவும் வறண்டாலும் தொல்லைதான். இலைகளே நீரையும் கால்சியத்தையும் இழுத்துக்கொள்ள, காய்க்குப் போதாமல் அடி கறுத்து அழுகும். செஞ்சிலந்தியும் அப்போதுதான் பெருகும். நான் 60 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்திருக்கப் பார்க்கிறேன்.

பலர் கவனிக்காத ஒன்று கரியமில வாயு. வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. மூடிய குடிலில் வெயில் ஏறியதும் செடிகள் உறிஞ்சி உறிஞ்சி அதைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடக்கூடும். பிறகு எவ்வளவு வெளிச்சம் இருந்தும் வளர்ச்சி மந்தமாகிவிடும். குளிருக்குப் பயந்து பகலிலும் குடிலை மூடியே வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வாங்குபவர்களுக்கு என் பரிந்துரை: கூரை உச்சியில் திறப்பு இல்லாத குடில் வேண்டாம். சூடான ஈரக்காற்று மேலே போய்த் தங்கும். பக்கத் திறப்பு மட்டும் அதை முழுதாக வெளியேற்றாது. ஈரப்பதமானியைச் செடியின் உச்சி உயரத்தில், வெயில் நேராகப் படாமல் தொங்கவிடுங்கள். தாளில் படியும் தூசியை அவ்வப்போது கழுவிவிடுங்கள்.