கடலூரில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை: டெஸ்ட் இருக்கு, அதுக்கு அப்புறம்?

இந்த முறை கடலூர் போனபோது சித்தியை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய்க் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்ய வைத்தேன். வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிற நாம் அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்க்கிறோம், தனியார் லேபில் முழு உடல் பரிசோதனைக்குப் பணம் கட்டுகிறோம், இதை மட்டும் வாய் திறந்து கேட்பதில்லை. இத்தனைக்கும் முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு அரசு இதை இலவசமாகச் செய்கிறது.

சித்திக்கு 46 வயது. "எனக்குதான் ஒண்ணும் இல்லையேடி, வெள்ளைப்படுதல்கூட இல்ல, எதுக்கு அங்க போய்ப் படுக்கணும்?" என்றார். ஒன்றும் இல்லாதபோதே பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனையின் அர்த்தம் என்று புரிய வைக்க ஒரு சாயங்காலமே போயிற்று. எச்பிவி என்ற வைரஸ் தொற்றி, பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கி, பத்துப் பதினைந்து வருஷம் கழித்துப் புற்றாக மாறும். அந்த இடைவெளியில் பிடித்துவிட்டால் புற்றே வராமல் தடுக்கலாம். சரி, வந்து தொலைக்கிறேன் என்று கிளம்பினார்.

அறை சின்னது, ஆனால் சுத்தம். ஒரு கட்டில், ஒரு ஸ்கிரீன், வளைந்த கழுத்துள்ள ஒரு விளக்கு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிஷம் காத்திருந்து, வெள்ளைத் திட்டு ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். நர்சம்மா ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தார், "மூச்ச நல்லா விடுங்கக்கா, இடுப்ப இறுக்காதீங்க" என்று. உள்ளே போகும்போது என் கையை இறுக்கிப் பிடித்த சித்தி, வெளியே வந்து "இவ்ளோதானா?" என்றார். அந்த நர்சம்மாவுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

மனசு கனத்தது பதிவேட்டைப் பார்த்தபோது. செல் நம்பர் எழுதும் இடத்தில் பாதிப் பேர் மகன் நம்பரையோ வீட்டுக்காரர் நம்பரையோதான் கொடுத்தார்கள். நாளைக்கு ஒரு பெண்ணை மறுபடி வரச் சொல்லிக் கூப்பிட்டால், அந்த விஷயம் முதலில் காதில் விழுவது மகனுக்கு. அவன் அம்மாவிடம் எப்படிச் சொல்லுவான், சொல்லுவானா?

அன்றைக்கு வரிசையில் இருந்த ஒரு அக்காவுக்குத் திட்டு தெரிந்தது. மீன் விற்கிறவர். பெரிய ஆஸ்பத்திரிக்கு வேறொரு நாள் காலையில் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். விடியலில் ஏலம் எடுத்து, கூடையோடு தெருத்தெருவாகப் போய் மதியம் வரை விற்றால்தான் அவருக்கு அன்றைய வருமானம். அங்கே போனால் கோல்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாயைக் கருவி வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது), சதை எடுத்து டெஸ்ட், அதன் ரிசல்ட்டுக்கு இன்னொரு நாள். "திட்டு தெரிஞ்சா புத்துன்னு அர்த்தம் இல்லக்கா, சாதாரண புண்ணாக்கூட இருக்கலாம்" என்று நர்சம்மா சொன்னது சரிதான், ஆனால் அதைக் கேட்டதும் அந்த அக்கா சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு "அப்ப பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிட்டார். அவர் போயிருப்பாரா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இது நம் ஊரில் முடியாத காரியம் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இதே அசிட்டிக் அமில முறையை வைத்துப் பெரிய ஆய்வு நடந்து, 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்று வருவது 25 சதவீதமும் அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்தது. அங்கே பயிற்சி பெற்ற நர்சுகளே, திட்டு தெரிந்தவர்களுக்கு அதே வருகையில் கோல்போஸ்கோப்பி செய்து, தேவைப்பட்டால் உறைய வைத்து அழிக்கும் சிகிச்சையையும் கொடுத்தார்கள். இன்னொரு நாள் என்ற பேச்சே இல்லை. அப்படியிருந்தும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் பத்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

நான் இருக்கும் ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலையிலிருந்து இந்தப் பரிசோதனைக்குரிய வயதில் இருக்கும் யாரும் பிறப்புறுப்பிலிருந்து தானே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், ஸ்கிரீனுக்குப் பின்னால் போய்ப் பஞ்சுக் குச்சியால் எடுத்துக் கொடுத்தால் எச்பிவி இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். கூச்சத்தினாலேயே வராமல் இருக்கும் நம் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! கடலூரில் மீனவர்கள் வாழும் தேவனாம்பட்டினம் மாதிரி இடத்தில், மதியத்துக்கு மேல் கூடை இறக்கிய பிறகு ஒரு நர்ஸ் வீடு வீடாகக் குச்சி கொடுத்து வாங்கினால் எத்தனை பேர் தருவார்கள்!

ஊருக்குப் போகிறவர்கள் அம்மா, சித்தி, அண்ணி யாரையாவது கூட்டிப் போங்கள். பதிவேட்டில் அவர்கள் நம்பரையே எழுத வையுங்கள், செல் இல்லையென்றால் அவர்கள் நம்புகிற ஒரு பெண்ணின் நம்பரை. ஐம்பது தாண்டியவர்களுக்கு இந்த அமில முறையில் சரியாகத் தெரியாமல் போகலாம், அவர்களுக்கு வேறு டெஸ்ட் உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். மேல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால், நீங்கள் ஊரில் இருக்கும்போதே கூடப் போய் முடித்துவிட்டு பிளைட் ஏறுங்கள்.