வீடு திரும்பும் முன் கட்டைவிரலைத் தூக்கிப் பாருங்கள்

இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதாக எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டிச் சொன்னதால், சென்ற ஆண்டு எங்கள் ஊர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். காலில் சுண்டி இழுத்த வலி மறுநாளே நின்றது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் கழிவறைக்கு நடந்தபோது இடது காலின் செருப்பு தானாகக் கழன்றது; கட்டைவிரலை மேலே தூக்க முடியவில்லை. ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர், "நரம்பு வீங்கியிருக்கும், போகப்போகச் சரியாகிவிடும்" என்றார். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் இடுப்பு பெல்ட் ஒன்றை விலைக்குக் கொடுத்து, மூன்று மாதம் படுத்து ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். பிசியோதெரபி என்ற பேச்சே எழவில்லை. முதுகெலும்பை ஒட்டிய தசைகளை விலக்கித்தான் அறுவை செய்கிறார்கள் என்பதும், அவற்றைப் பயிற்சியால் படிப்படியாக மீட்காமல் பெல்ட்டை நம்பிக் கிடந்தால் அவை மேலும் மெலிந்து வலி முதுகிலேயே தங்கிவிடக்கூடும் என்பதும், படியில் பாதம் தட்டி இருமுறை விழுந்த பிறகு, நான்கு மாதம் கழித்து அரசு மருத்துவமனையில்தான் எனக்குத் தெரியவந்தது.

தசை வலிமையை 0 முதல் 5 வரை எண்ணிட்டுக் குறிப்பார்களாம்; 0 என்றால் அசைவே இல்லை, 5 என்றால் முழு வலிமை. என் இடது பாதத்துக்கு 2 என்று எழுதிய மருத்துவர், அறுவைக்கு முன் எவ்வளவு இருந்தது என்று கேட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில் முன்பும் பின்பும் நரம்பியல் குறைபாடு ஏதுமில்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே என் கையெழுத்து. ஜவ்வின் அழுத்தத்தால் அந்த நரம்பு முன்பே நலிந்திருந்ததா, அறுவையின்போது காயப்பட்டதா என்பதை இனி எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. கத்தி பிடித்தவர்மீது பழி சுமத்த என்னிடம் ஆதாரமில்லை. சோதிக்காமலே சோதித்ததாக எழுதியதுதான் என் புகார்.

ஆகவே, அறுவைக்கு முன்னும் வீடு திரும்பும் முன்னும் இரு பாதங்களின் வலிமையையும் சோதித்து எண்ணாக எழுதித் தரச் சொல்லுங்கள். புதிதாகப் பலவீனம் தோன்றினால் அன்றே அறுவை செய்தவரைப் பார்த்தாக வேண்டும் என்று நில்லுங்கள். சிறுநீர் கழிப்பதில் தடையோ, தொடைகளின் நடுவே மரப்போ ஏற்பட்டால் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள்.

கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. வாய்ச்சொல்லாகக் கேட்டு நான்கு முறை நடந்தேன். எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிய பிறகே கோப்பு வந்தது. அதில் மூன்றாம் நாள் செவிலியர் குறிப்பு இப்படி இருந்தது: இடது பாதத்தைத் தூக்க முடியவில்லை என்கிறார், மருத்துவரிடம் தெரிவிக்கப்பட்டது.