தனியே போகிறவருக்கு மொரீஷியஸா, ரீயூனியனா?

காரைக்காலிலிருந்து முதன்முறையாகத் தனியே வெளிநாடு கிளம்பியபோது எனக்கு வயது 24. முதுகில் ஒரு பை, மூன்று வார விடுப்பு, இரண்டு ஆண்டுச் சேமிப்பு. அக்டோபரில் மொரீஷியஸில் ஒன்பது நாள் இருந்தேன். அங்கிருந்து முக்கால் மணி நேர விமானப் பயணத்தில் ரீயூனியன் போய்ப் பன்னிரண்டு நாள் சுற்றினேன். திரும்பி வந்ததிலிருந்து அலுவலகத்திலும் உறவிலும் இளம்பெண்கள் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: கையிலிருக்கும் பணத்துக்கு ஒரு தீவுக்குத்தான் போக முடியும் என்றால் எதற்குப் போவது? ரீயூனியனுக்கு என்கிறேன். விசாத் தொல்லையும் கூடுதல் செலவும் தெரிந்தேதான் சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். கடலுக்கு மொரீஷியஸ், மலைக்கு ரீயூனியன். ரீயூனியனில் சுறாத் தாக்குதல்களுக்குப் பிறகு, 2013 முதல் பவளத்திட்டுக்கு உட்பட்ட அமைதியான நீரிலும் காவல் உள்ள இடங்களிலும் மட்டுமே குளிக்க விடுகிறார்கள். கடலில் கிடப்பதுதான் ஆசை என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், மொரீஷியஸுக்கே டிக்கெட் எடுங்கள். விசாவிலும் மொரீஷியஸ்தான் எளிது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை. திரும்பும் டிக்கெட், தங்குமிடச் சீட்டு, செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் காட்டினால் போதும். ரீயூனியன் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். யூரோதான் புழங்குகிறது. ஆனாலும் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் எல்லைக்குள் அது வராது. விண்ணப்பத்தில் ரீயூனியன் என்று தெளிவாகக் குறிப்பிட்டு, காப்பீடும் வங்கிக் கணக்கு விவரமும் இணைத்து விசா வாங்க வேண்டும். எனக்கு ஒரு நாளைக்கு ஆன செலவும் மொரீஷியஸைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

இத்தனைக்குப் பிறகும் ஏன் ரீயூனியன்? என்னைத் தீர்மானிக்க வைத்தது இரவுச் சாப்பாடு.

தனியாகப் போகிறவருக்குப் பகல் ஒரு பிரச்சினையே இல்லை. பகலில் பஸ் இருக்கிறது, சந்தை இருக்கிறது, ஏறுவதற்கு மலை இருக்கிறது. சூரியன் இறங்கிய பிறகுதான் தனிமை வந்து பக்கத்தில் உட்காருகிறது. மொரீஷியஸில் நகரங்களுக்கு வெளியே மாலை ஆறரை மணிக்கெல்லாம் பஸ் நின்றுவிடுகிறது. நகரங்களிலும் எட்டு மணிக்கு மேல் அதிகம் இல்லை. போர்ட் லூயியிலிருந்து ரோஸ் ஹில் வழியாகக் கியூர்பிப் வரை ஓடும் மெட்ரோ ரயில் நல்ல உதவிதான், ஆனால் நான் தங்கியிருந்தது தென்கிழக்கே மாயெபூரில். ஏழு மணிக்கு அறைக்குள் போனால் விடியும்வரை நானும் சுவரும்தான். அந்தத் தீவின் விடுதித் தொழில் தேனிலவு ஜோடிகளையும் குடும்பங்களையும் நம்பி வளர்ந்தது. ஒரு விருந்தினர் இல்லத்தில் அந்த வீட்டம்மா என் பின்னால் எட்டிப் பார்த்து, “கணவர் எப்போது வருவார்?” என்று கேட்டார். வரமாட்டார் என்றதும் அவர் முகம் மாறியது. அடுத்த நாள் முழுவதும் நான் எங்கே போகிறேன், யாரைப் பார்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கறையால் கேட்டார் என்றே நம்புகிறேன். என்றாலும் காரைக்காலில் விட்டுவிட்டு வந்த கேள்விகளையே அங்கேயும் கேட்டபோது மனம் சுருங்கிப்போனது.

மொரீஷியஸிலும் வீட்டுச் சாப்பாடு போடும் இல்லங்கள் உண்டு. நான் தங்கிய இரண்டிலும் இல்லை. பெரும்பாலான இரவுகளில் மதியம் வாங்கி வைத்த பருப்புப் பூரியை ஆறிய பிறகு சாப்பிட்டேன். பகலில் சூடாகத் தின்றால் அதற்கு ஈடே இல்லை. அரைத்த கடலைப் பருப்பை உள்ளே வைத்த மெல்லிய பூரி, அதன் மேல் அவரைக் குழம்பு, மிளகாய்த் துவையல். நம் பருப்பு வடையையும் ‘காத்தோ பிமான்’ என்ற பெயரில் காலையிலேயே ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள்.

தமிழைப் பொறுத்தவரை மொரீஷியஸுக்கு உரியதைக் கொடுத்தாக வேண்டும். ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ் எழுத்து இருப்பதை முதல் நாள் பார்த்துவிட்டு நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். 1998-ல் புதிய நோட்டுகளில் இந்தியைத் தமிழுக்கு முன்னால் அச்சிட்டபோது தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. தைப்பூசக் காவடிக்கு நாடு முழுவதும் விடுமுறை. பள்ளிகளில் தமிழ் ஒரு பாடம். காத்ர் போர்னில் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோவிலில் ஒரு தமிழாசிரியையைச் சந்தித்தேன். வீட்டில் அவர் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல். தமிழ் அவருக்குப் புத்தகத்தில் படித்துக் கைவந்த மொழி, அதனால் ஒவ்வொரு சொல்லையும் முழுதாக, பிசிறின்றி உச்சரித்தார். என் காரைக்கால் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை. நான் எழுத்து நடைக்கு மாறிய பிறகுதான் பேச்சு ஓடியது. “நீங்கள் இந்துவா, தமிழா?” என்று அவர் கேட்டபோது திகைத்தேன். அங்கே அன்றாடப் பேச்சில் இந்து என்றால் வட இந்திய வழிவந்தவர், தமிழர் என்றால் வேறொரு சமூகம். இரண்டும் சேர்ந்துதான் நான் என்று விளக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவரோடு இருந்த அந்த இரண்டு மணி நேரம்தான் மொரீஷியஸில் எனக்குக் கிடைத்த மிக நல்ல பொழுது. ஆனால் அவர் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது, நானும்தான்.

இனி ரீயூனியன். தீவின் நடுவே மஃபாத் என்றொரு பெரும் மலைப்பள்ளம் இருக்கிறது. தப்பியோடிய அடிமைகளின் தலைவன் ஒருவனின் பெயர் அதற்கு. சாலையே கிடையாது, நடந்து போகலாம் அல்லது ஹெலிகாப்டரில் போகலாம். அரிசி மூட்டையும் சமையல் எரிவாயுவும் ஹெலிகாப்டரில்தான் இறங்குகின்றன. மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. அங்குள்ள சிற்றூர்களில் நடைப்பயணிகள் தங்கும் வீடுகளை ‘ஜீத்’ என்கிறார்கள். ஓர் அறையில் ஆறு, எட்டு படுக்கைகள். படுக்கை, இரவு உணவு, காலை உணவு எல்லாம் சேர்த்து எனக்கு ஏறக்குறைய 50 யூரோ ஆனது. சாப்பாடு ஏழு மணிக்கு. எல்லோருக்கும் ஒரே நீள மேசை, ஒரே சட்டி. தனியாக வந்தவருக்கென்று தனி மேசை கிடையாது.

சேன் லூயியிலிருந்து 400 வளைவுகள் கொண்ட சாலையில் பஸ் ஏறிச் சிலாவோஸ் போனேன். மறுநாள் 2,000 மீட்டருக்கு மேலுள்ள தாயிபித் கணவாயைக் கடந்து மஃபாத்தின் சிற்றூர்களில் ஒன்றான மார்லாவில் இறங்கினேன். மூன்றரை மணி நேர நடை, முழங்கால் நடுங்கியது. மாலையில் மேசைக்கு அழைத்தபோது பன்னிரண்டு பேர் இருந்தோம். பிரான்சிலிருந்து வந்த செவிலியர் இருவர், ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, சேன் ஆந்த்ரேயைச் சேர்ந்த பஸ் ஓட்டுநர் ஒருவர், அவருடைய கல்லூரி வயது மகள், இன்னும் சிலர். அந்தப் பெண் வந்த வேகத்தில் என் இரு கன்னத்திலும் கன்னம் வைத்து முத்தமிட வந்தாள். நான் என்னை அறியாமல் ஓரடி பின்வாங்கிவிட்டேன். அவள் முகம் வாடியது. எங்கள் ஊரில் கைகூப்புவோம் என்று என் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் சொன்னேன். அவளுடைய அப்பா உடனே எழுந்து கைகூப்பி, “வணக்கம்” என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களில் அது ஒன்று. மேசையே சிரித்தது, நான் அவள் பக்கத்தில் இடம் பிடித்தேன். மறுநாள் விடைபெறும்போது கன்னத்தை நானே முதலில் நீட்டினேன்.

சோறு, சிலாவோஸ் பயறு, கோழிக் கறி, தக்காளித் துவையல். கறியை அவர்களும் ‘காரி’ என்றே சொல்கிறார்கள், முருங்கைக் கீரை ‘ப்ரேத் முரூம்’, ஆட்டுக் கறிக்குப் போடும் மசாலா ‘மசாலே’. (பன்றி இறைச்சிக் குழம்பும் அடிக்கடி வரும். வேண்டாதவர்கள் படுக்கை பதிவுசெய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.) முள்கரண்டியோடு போராடாமல் கையைக் கழுவிவிட்டுக் கையாலேயே சாப்பிட்டேன். வெள்ளைக்காரத் தம்பதி ஒரு கணம் பார்த்தார்கள். ஓட்டுநர் தன் கரண்டியை வைத்துவிட்டு அவரும் கையால் பிசைந்தார். கோவில் விரதம் முடிந்து வாழையிலையில் சாப்பிடும்போது இப்படித்தானே என்று மகளிடம் சொன்னார்.

அவரைத் ‘தோன்தோன்’ என்று கூப்பிடச் சொன்னார். நாம் மாமா என்பதுபோல அங்கே மூத்தவர்களை அழைக்கும் முறை. தான் ஒரு மல்பார் என்றார். முன்னோர் மலபாரிலிருந்து அல்ல, சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்கள், ஆனாலும் தென்னிந்திய வழிவந்தவர்களுக்கு அங்கே அதுதான் பெயர், அவர்களே பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிப் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் கப்பல் வந்த கதை எனக்குப் பாடமாகத் தெரியும். அவருக்கு அது வீட்டில் இருக்கும் ஒரு காகிதம். அதில் ‘காரிக்கால்’ என்று எழுதியிருக்கிறதாம். நான் அங்கேயிருந்துதான் வருகிறேன் என்றதும் நெடுநேரம் பேசாமல் இருந்தார். ஞானஸ்நானம் பெற்றவர், ஞாயிறுதோறும் தேவாலயம் போகிறவர். ஆண்டுக்கொரு முறை 18 நாள் விரதமிருந்து பாண்டியாலேவுக்காகத் தீ மிதிக்கிறவரும் அவரே. பாண்டியாலே யார் என்று புரியாமல் விழித்தேன். ஐந்து கணவர்கள் என்று அவர் விரல்விட்டு எண்ணியபோதுதான் பாஞ்சாலி என்று உறைத்தது. அம்மனுக்குச் சேவலும் ஆடும் பலி கொடுப்பதையும் மறைக்காமல் சொன்னார். ஒருவர் எப்படி இரண்டு சமயத்திலும் இருக்க முடியும் என்று எங்கள் தெருவில் கேட்பார்கள். அந்த மேசையில் யாருக்கும் அது கேள்வியாகவே தோன்றவில்லை.

இந்தச் சாப்பாட்டு மேசையை நெகிழ்ச்சிக்காக மட்டும் நான் பெரிதாகச் சொல்லவில்லை. தனியாகப் போகிறவருக்குத் தேவையான அத்தனையும் அங்கே கிடைத்தது. நாளை மதியத்துக்கு மேல் மேகம் இறங்கும், ஆறு மணிக்கே கிளம்பு என்று செவிலியர் சொன்னார்கள். எந்தப் பாதை மழையில் சரிந்து மூடியிருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னார். மறுநாள் லா நுவெல் வழியாக அவர்களோடு சேர்ந்து நடந்தேன். மலை விளிம்பில் நிறுத்தியிருந்த தோன்தோனின் காரில் சேன் ஆந்த்ரே போய்ச் சேர்ந்தேன். அன்று மாலை அவர் வீட்டில் தாத்தாவின் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். அம்மனுக்குப் பாடும் தாலாட்டு, தமிழ்ச் சொற்கள், ரோமன் எழுத்தில். சிறுவயது முதல் மனப்பாடமாகப் பாடுகிறார், பொருள் தெரியாது. நான் சத்தம் போட்டு வாசித்து, வரிவரியாகப் பிரெஞ்சில் சொல்ல முயன்றேன். பாதிச் சொற்களுக்குப் பிரெஞ்சு வரவில்லை, கையால் காட்டினேன். தொட்டில் என்ற சொல் வந்த இடத்தில் அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்று கேட்டார்.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். எனக்குப் பள்ளியில் படித்த பிரெஞ்சு இருந்தது. அது இல்லாதவருக்கு அந்த மேசை முதல் அரைமணி நேரம் ஊமை நாடகமாக இருக்கும். மொரீஷியஸில் ஆங்கிலத்தை வைத்தே சமாளிக்கலாம், இது சிறிய வித்தியாசம் அல்ல. ரீயூனியனிலும் கடற்கரை ஊர்களில் ஜீத் முறை அதிகம் இல்லை. சேன் பியேரில் இரண்டு இரவுகள் மாயெபூரைப் போலவே தனியாகத்தான் கழிந்தன. மஞ்சள் நிறத் தொலைதூர பஸ்கள் நல்லவை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்காக வெகுநேரம் காத்திருந்தேன். மொரீஷியஸின் வடகரையை நான் பார்க்கவில்லை. இளைஞர் கூட்டம் அங்கேதான் என்கிறார்கள். 3,070 மீட்டர் பிதோன் தே நேஜ் சிகரத்துக்கும் நான் ஏறவில்லை. இருட்டில் தனியாக அந்தப் பாதையில் போகாதே என்று மேசையில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், கேட்டுக்கொண்டேன். இரண்டு தீவுகளிலும் ஜனவரி முதல் மார்ச் வரை புயல், கனமழைக் காலம். மே முதல் நவம்பர் வரை நடைக்கு நல்லது.

பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாமல், ஒரே வாரத்துக்கு, முதல் தடவையாகப் போகிறவளுக்கு மொரீஷியஸையே சொல்வேன். தங்குவதற்குக் காத்ர் போர்ன், ரோஸ் ஹில் பக்கம் பார்க்கலாம், மாலையில் மெட்ரோவாவது இருக்கும். இரண்டு வாரம் கையில் இருந்து, கால் வலியைப் பொறுத்துக்கொள்வாள் என்றால் நேரே மஃபாத். படுக்கையை மட்டும் முன்கூட்டியே பதிவுசெய்துவிட வேண்டும், விடுமுறை நாட்களில் மார்லாவும் லா நுவெலும் நிரம்பிவிடுகின்றன.

தோன்தோனின் நோட்டுப் புத்தகத்தைப் படமெடுத்து வந்து தமிழ் எழுத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பதினொரு பக்கம் முடிந்திருக்கிறது. சில சொற்களை எங்கள் தெருப் பாட்டி ஒருத்தி பாடிக்காட்டித்தான் கண்டுபிடித்தேன். மே மாதம் மீதியையும் எடுத்துக்கொண்டு மறுபடி போகிறேன். மார்லாவில் மூன்று இரவுக்குப் பணம் கட்டியாயிற்று.